காவேரிக்கு மூன்றாவது பதிவு

"சர்வரோடு இணைய முடியவில்லை" என்று போன் பதினோராவது முறையாகச் சொன்னபோது, பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு மாடுகள் தடுப்பூசிக்காக நின்றிருந்தன. தீர்த்தஹள்ளிக்கு மேலே, அந்த மலையில் சிக்னல் என்பது அடிவாரத்தோடு நின்றுவிடுகிற விஷயம்.

மாடுகளைப் பதிவு செய்யும் செயலியை எழுதிய நேத்ராவதி, முதலாளி நரஹரியிடம் மெதுவாகச் சொன்னாள். "சார், போனுக்குள்ளயே ஒரு குட்டி டேட்டாபேஸ் இருக்கு. எல்லாம் ஒரே ஃபைல். சர்வரே வேண்டாம். லேப்டாப் இருக்கு, அரை மணி நேரம் குடுங்க."

"அந்தப் பொம்மையா? ஆறு மாசம் கண்முழிச்சு நான் சர்வர் கட்டினது எதுக்கு?"

கால்நடை டாக்டர் மஞ்சப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "பதினோரு மணிக்குள்ள ஓடலைன்னா நோட்டை எடுத்துடுவேன். அப்புறம் தாலுகா முழுக்க நோட்டுதான்."

நரஹரி லேப்டாப் பையை அவள் பக்கம் தள்ளினார். நேத்ரா பலா மரத்தடியில் உட்கார்ந்தாள்.

இருபதே நிமிடம். கௌரம்மாவின் பசு காவேரி முதலில் பதிவானாள். பின்னாலேயே முப்பது மாடுகள். நேத்ராவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. டாக்டர் செயலியை மூடித் திறந்தார்.

மாடுகள்: பூஜ்யம்.

அவசரத்தில் பதிவுகளை ஃபைலில் எழுதாமல் தற்காலிக நினைவில் வைத்துவிட்டாள். மூடியதும் எல்லாம் காற்றோடு போய்விட்டது.

"ஊசி போட்டதுக்குக் கொம்புல சாயம் இருக்கு. மறுபடி எழுதும்மா" என்றார் டாக்டர்.

ஃபைலுக்கு மாற்றினாள். பதிவாயிற்று. மூடித் திறந்தால், "இந்த அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது" என்று செயலி அடம்பிடித்தது. "இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு" என்று எழுதினாள். சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கேட்டது.

மாடுகள்: பூஜ்யம்.

"ஏம்மா, மூணாவது தடவையா இவ பேரைக் கேக்குற" என்றாள் கௌரம்மா. "காவேரின்னு சொன்னாலே இப்பல்லாம் முகத்தைத் திருப்பிக்கிறா."

மணி பத்தே முக்கால். டாக்டர் பையிலிருந்து நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நேத்ரா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். ஒரே ஒரு வரியை மாற்றினாள்: "இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு."

காவேரியைப் பதிந்தாள். போனையே முழுசாக அணைத்து, கௌரம்மா கையில் கொடுத்தாள். "நீங்களே திறந்து பாருங்க."

கௌரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இருக்கா. பக்கத்துலயே என் பேரும் இருக்கு."

டாக்டர் நோட்டைப் பைக்குள் போட்டார்.

மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மாடுகள். எத்தனை முறை மூடித் திறந்தாலும் ஒன்றுகூடக் குறையவில்லை. "தாலுகா முழுக்க இதுதான்" என்று டாக்டர் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. மிரண்டு ஓடிய எருமையைப் பிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆயிற்று.

ஜீப் அடிவாரத்துக்கு இறங்கியது. நேத்ரா கால் நீட்டி, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு அந்தப் பொம்மை காப்பாத்திருச்சு, ஒத்துக்கறேன்" என்றார் நரஹரி. "ஆனா நாம கட்டின சர்வர் மாதிரி வருமா?"

சிக்னல் வந்தது, கூடவே போனும் அடித்தது. சிவமொக்கா ஆபீசில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் லோகேஷ். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நரஹரி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், காலையிலேருந்து நம்ம சர்வர் படுத்துக்கிச்சு. உள்ள நீங்க வச்சிருக்கறதும் போன்ல இருக்குமே, அதே குட்டி டேட்டாபேஸ்தானே? எப்படிச் சரி பண்றதுன்னு நேத்ரா அக்காவைக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"