மனைவியின் மறதிக்கு ஒரு மராமத்து

மனைவியின் மூளையைக் காப்பாற்றியே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தது சோஃபாவில் படுத்தபடிதான். ஓய்வு பெற்றதிலிருந்து எல்லா முடிவுகளையும் அவர் அங்கேதான் எடுத்துவந்தார். காபியா டீயா, இந்தச் சேனலா அடுத்த சேனலா என்கிற அளவில் போய்க்கொண்டிருந்தது. இது கொஞ்சம் பெரிய முடிவு.

அன்று காலை மனைவி போனும் கையுமாக வந்து நின்றதுதான் காரணம்.

"ஏங்க, உங்க தங்கச்சி நம்பர் என்ன? டக்குனு வரமாட்டேங்குது."

மற்ற வீடுகளில் இது சாதாரணக் கேள்வி. இவளோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த டாக்டருக்கு எந்த அறை, எந்த வார்டுக்கு எந்த நம்பர் என்று ஆஸ்பத்திரி முழுவதையும் தலைக்குள் வைத்திருந்தவள். அவளா நாத்தனார் நம்பரை மறப்பாள்? நாத்தனாரோடு சண்டை போட்ட தேதிகூட அவளுக்கு மறந்ததில்லை.

மெக்கானிக் டிவி சத்தத்தைக் குறைத்தார். மோட்டார் சத்தம் லேசாக மாறினாலே போதும், லிஃப்ட் நிற்பதற்கு முன்பே பழுதைப் பிடித்துவிடுவார் என்று கம்பெனியில் பேர் வாங்கியவர். இப்போது வீட்டிலேயே சத்தம் மாறிவிட்டது. அவளுக்குத் தெரியாமல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனார்.

"ஞாபகம் குறையிறவங்க என்ன பண்ணணும் டாக்டர்?"

"போன தடவை உங்ககிட்ட சொன்னதேதான். தினமும் நடக்கணும். புதுசா எதையாவது கத்துக்கணும். நாலு பேரோட பேசணும். நேரத்துக்குத் தூங்கணும்."

"எங்கிட்டயா சொன்னீங்க?"

"உங்ககிட்டதான். உங்க வீட்டம்மாவும் கூட இருந்தாங்க. நீங்க மேல ஃபேனைப் பாத்துட்டு இருந்தீங்க."

"அதுல பேரிங் போயிருந்துச்சு," என்றார் மெக்கானிக். எனக்கெதற்கு இதெல்லாம் என்று அன்றைக்குக் காதில் வாங்காததை, இப்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார்.

விஷயத்தை உடைத்தால் அவள் பயந்துவிடுவாள். அதனால் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். "எனக்குக் கால் மரத்துப்போகுது. துணைக்கு நடக்க வாயேன்."

"சரிங்க," என்றாள் அவள். மறுபேச்சு பேசவில்லை. அதுவே அவருக்கு ஒரு கெட்ட அறிகுறியாகப் பட்டது.

ஊர் ஜனம் படியேறக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் உழைத்தவர், மனைவிக்காகத் தினமும் படியிறங்கி, படியேறினார். போன வழியே போனால் மூளை தூங்கிவிடுமாமே, அதனால் நாளுக்கொரு தெரு. முக்குக்கு முக்கு நின்று, "எந்தப் பக்கங்க?" என்பாள் அவள். பதில் சொல்வதற்காக முந்தின நாளே தனியாகப் போய் வழி பார்த்துவிட்டு வந்தார். போகும்போது தையல்காரரிடம் ரெண்டு வார்த்தை, பேக்கரிக்காரரிடம் நாலு வார்த்தை. "குழம்புக்கு உப்பு போட்டேனா?" என்று அவள் கேட்க ஆரம்பித்ததும் காவலுக்கு அடுப்படியில் நின்றார். நின்றவர் சமையலே கற்றுக்கொண்டார். சாயங்காலம் சீட்டைக் கவிழ்த்துப் பரப்பி ஜோடி கண்டுபிடிக்கும் ஆட்டம். தினமும் அவள்தான் தோற்றாள். ஜெயித்த சீட்டை அவர் அவசரமாகக் கலைத்துவிட்டு, இன்னொரு ஆட்டம் போட்டார்.

ஒரு மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் எழுந்து, நீங்க யாரு என்று கேட்டுவிட்டால்? அந்த நினைப்பு வந்த பிறகு சோஃபா அவருக்கு முள்ளாகக் குத்தியது. தனக்காக ஒருநாளும் எழுந்திராதவர், அவளுக்காக அலாரத்துக்கு முன்பே எழுந்தார்.

அப்படியொரு நடை முடிந்து வரும்போதுதான் லிஃப்ட் பாதியில் நின்றது. உள்ளே கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர். "காத்து வரலைங்க," என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு வேலை தெரியும். ஆனால் மோட்டார் அறைச் சாவி சர்வீஸ் ஆபீசில். அவர் போனோ வீட்டு மேசையில். கதவில் ஒட்டியிருந்த அந்த ஆபீஸ் நம்பரை யாரோ கிழித்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கையிலெல்லாம் போன் இருந்தது, யாரிடமும் நம்பர் இல்லை.

பின்னாலிருந்து மனைவி ஒரே மூச்சில் நம்பரைச் சொன்னாள். "அது பிஸியா இருந்தா இதுக்குப் போடுங்க," என்று இன்னொன்றும் சொன்னாள். "அதுவும் கிடைக்கலைன்னா சூப்பர்வைசர் வீட்டு நம்பர் தரேன்."

சாவி வந்தது, மருந்துக்கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நம்ம மராமத்து வேலை செய்துவிட்டது. படியேறும்போது மெதுவாகச் சோதித்தார்.

"என் தங்கச்சி நம்பர்?"

சொன்னாள். தங்கையின் பழைய வீட்டு நம்பரையும் சேர்த்துச் சொன்னாள்.

மெக்கானிக் படியிலேயே நின்றுவிட்டார். "அன்னைக்கு மறந்துபோச்சுன்னியே?"

"டாக்டர் சொன்னாங்க, நான் சொன்னேன், உங்களுக்காக நீங்க எந்திரிக்கலை. எனக்குன்னா எந்திரிப்பீங்கன்னு தெரியும்."

"நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"தெரியும். அதுக்கு முன்னாடி நான் பயந்துட்டிருந்தேன்," என்றாள். "நாள்பூரா டிவி முன்னாடி. ஒரு பேச்சு இல்லை. சாப்பிட்டீங்களான்னு கேட்டா, சாப்பிட்டேனான்னு என்னையே திருப்பிக் கேட்டீங்க."

அவருக்குக் கோபம் வந்தது. கூடவே, இவள் என்னை மறக்கப்போவதில்லை என்கிற நிம்மதியும் வந்தது. நிம்மதிதான் பெரிதாக இருந்தது. அதைக் காட்டிக்கொண்டால் மானம் போய்விடும் என்று முறுக்கிக்கொண்டு ஏறினார்.

மறுநாள் காலை ஷூவை உதறிவிட்டுச் சோஃபாவில் சாய்ந்தார். "இனிமே உன் பாச்சா எங்கிட்ட பலிக்காது."

"சரிங்க. நான் மட்டும் போயிட்டு வரேன்." வாசலில் நின்றாள். "நேத்து பேக்கரி தாண்டினதும் இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது பக்கம். தனியாப் போய்த் தொலைஞ்சுடாதே, இரு," என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தான் வாசலில் நின்று ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வலது பக்கம்," என்றாள் அவள், படியிறங்கிக்கொண்டே. "இன்னும் கொஞ்ச நாள் நடக்கணும் போலிருக்கு நீங்க."