அரிசி வண்டும் ஆதிகால ஆறும்

படித்த படிப்பு தலைக்கேறியிருக்கும் வயதில் கண் சரியாகத் தெரியாது. எனக்கு மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

அப்போது ஓசூரில் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வந்து எம்.எஸ்ஸி. நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். சூளகிரிப் பக்கம் கிணறு வெட்டிய இடத்தில், மணலுக்கு அடியில் கறுத்த களிமண் வந்தது. என்றோ ஆறு ஓடிய தடம். பழங்காலப் பூச்சிகளின் மிச்சம் கிடைக்கும் என்று மூட்டை கட்டிக் கொண்டுவந்து அலசி, அம்மா அரிசி புடைக்கும் முறத்திலேயே காயவைத்தேன். (அம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது.)

கிடைத்ததெல்லாம் எள்ளைவிடச் சிறிய ஓடுகள். சிப்பி மாதிரி இரண்டு மடல். உள்ளே வாழ்ந்தது இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். எனக்கு அது போதவில்லை. பூச்சிதான் வேண்டும். கல்லூரியில் என் ஆய்வைப் பற்றி நான் பேச வேண்டிய அன்று காலை முறத்தில் கிடைத்தே விட்டது! நீண்ட மூக்கு, ஒரு கால்கூட உடையாத முழு வண்டு. (தொட்டால் செத்த மாதிரி நடிக்கும் ஜாதி அது என்று பிறகுதான் தெரிந்தது.)

அப்பா ஷிப்டுக்கு லீவு போட்டு, கம்பெனி நண்பர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா பின்வரிசையில். பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியரும் வந்திருந்தார். ஓடுகளோடு ஒரே தட்டில் வைத்து மைக்ராஸ்கோப் வழியே காட்டியதில், திரையில் வண்டு எருமை அளவுக்குத் தெரிந்தது.

“பல்லாயிரம் ஆண்டுகளாக அசையாமல் உறங்கும் இந்த உயிர்...” என்று ஆரம்பித்தேன்.

விளக்குச் சூட்டில் அது காலை நீட்டியது. மூக்கை ஆட்டியது. திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தே போய்விட்டது.

அப்பா எழுந்து கைதட்டினார். “பார்த்தீங்களா சார், இத்தனை ஆயிரம் வருஷம் கழிச்சும் உயிரோட இருக்கு!”

“உக்காருங்க. அது நம்ம வீட்டு அரிசி வண்டு” என்றாள் அம்மா.

அரங்கம் உருண்டு சிரித்தது. மைக்கை வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். பேராசிரியர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டு காலி செய்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே என் ஓடுகள் கிடந்தன.

“ஓடிப்போனதை விடும்மா. இதெல்லாம் எங்கே கெடச்சுது?”

அது எனக்குத் தெரியும். கிணறு, களிமண், ஆழம், எந்த ஓடு எப்படிப்பட்ட தண்ணீரில் வாழ்ந்தது என்று சொல்லச் சொல்லக் கதவு மறந்துபோனது. மணி அடித்த பிறகும் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை.

அந்த ஓடுகளில்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். இன்று அந்தக் கிணற்றின் மேல் ஒரு தொழிற்சாலை நிற்கிறது. அடியில் ஆறு ஓடியதற்கான சாட்சியைக் கண்டெடுத்தவள் நான்.

ஆனால் அப்பா பட்டத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். (என் கல்யாணத்துக்கு அவருடைய நண்பர்கள் தந்த பரிசு ஒரு மூட்டை அரிசி, ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற சீட்டோடு.) சம்பந்தியிடம் அவர் பேசிய முதல் பேச்சே இதுதான்:

“எங்க பொண்ணு கை பட்டா, பல்லாயிரம் வருஷம் முந்திச் செத்ததும் எந்திரிச்சு நடக்கும்!”