மூக்கு சாருக்கு ஜலதோஷம்

'ஆரஞ்சுத் தோலின் மெல்லிய புளிப்பு. அடியில் லேசான தேன்' என்று மூக்கு சார் நோட்டில் எழுதி முடித்தபோது, பக்கத்தில் நின்ற அக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"சார், அது நான் டீக்கறைக் கோப்பைகளை அலசின வெந்நீர்."

மூக்கு சார் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு முன்னால் வரிசையாக எட்டுக் கோப்பைகள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருப்பதை எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருந்தாலும் எது வெந்நீர் என்று சொல்லத் தெரிந்திருக்காது. அவருக்கு எட்டுமே வெந்நீர்தான்.

"தெரியும் அக்கா. நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்."

"சரிங்க சார்" என்றாள் அக்கா. கோப்பை கழுவுகிறவள் என்றாலும், பொய்க்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவள்.

அது டீத்தூள் பாக்கெட் போடும் கம்பெனி. மூக்கு சாருக்கு அங்கே பத்தொன்பது வருஷமாக ருசி பார்க்கும் வேலை. ஒரு கரண்டி எடுத்து, ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, அந்த இலையின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். இந்தக் குளிர்காலத்துக்கு முதலாளி வாசனை டீ வகைகளைச் சந்தையில் இறக்கப் போகிறார். இஞ்சி, லவங்கப்பட்டை, ஆரஞ்சு, ஆப்பிள், புதினா, ஏலக்காய், ரோஜா என்று ஏழு மாதிரிகள். ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது, எதைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று மூக்கு சார் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. ஒரு வாரத்தில் ஜலதோஷம் போய்விட்டது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"வரும்" என்றார் டாக்டர். "பதினஞ்சு நாளும் ஆகலாம், மூணு மாசமும் ஆகலாம்."

மூன்று மாதத்தில் குளிர்காலமே முடிந்துவிடும். முதலாளியிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் போன வருஷம் காய்ச்சலில் வாசனை போன இன்னொரு ருசி பார்ப்பவர் அப்படித்தான் சொன்னார். முதலாளி அவர் தோளில் கைபோட்டு, மிகுந்த அன்போடு, பேக்கிங் பிரிவுக்கு அனுப்பி வைத்தார். அந்த மனிதர் இன்னமும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் மூக்கு சார் ஏழு மாதிரிகளையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தார். சால்வையைக் காதோடு சேர்த்துச் சுற்றியிருந்த மனைவியைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா இப்படி முகத்தை வச்சிருக்கீங்க? நான் குடிச்சுச் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க" என்றாள் மனைவி.

"உனக்குச் சொல்ல வருமா?"

"பார்க்கலாமே."

"உங்கப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது."

அது முக்கியம். ரயில் பட்டறையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் அவர்களோடுதான் இருந்தார். எந்த டீயைக் கொடுத்தாலும் மூன்று கரண்டி சர்க்கரை போடுவார். ஒருமுறை, மலை உச்சியில் கையால் பறித்த இளந்தளிர், வருஷத்துக்கு நாலே கிலோ கிடைப்பது, அதை மூக்கு சாரே தன் கையால் போட்டுக் கொடுத்தார். மாமனார் குடித்துவிட்டு, "நல்லா சூடா இருக்கு மாப்பிள்ளை" என்றார். அன்றிலிருந்து மூக்கு சார் அவருக்கு நாக்கைப் பற்றி அடிக்கடி பாடம் எடுப்பது வழக்கம். "நாக்கு வெறும் சதை இல்ல மாமா, அது ஒரு கல்வி" என்பார். மாமனார் "சரி மாப்பிள்ளை" என்று சர்க்கரையைக் கலக்குவார். அப்படிப்பட்டவரிடம் போய் மூக்கைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் கோப்பையை மனைவி உதடு வரைக்கும் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க இப்படி முறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா எனக்கு எப்படி வரும்? சமையலறைக்குக் கொண்டு போறேன்."

ஐந்து நிமிஷம் கழித்து வந்தாள்.

"புதுசா சீவின பென்சில்."

"என்னது?"

"லவங்கப்பட்டை. பென்சிலைச் சீவினதும் மூக்குகிட்டக் கொண்டு போனா ஒண்ணு வருமே, அது. குடிச்ச பிறகு நாக்குல மரத்தூள் ஒட்டுது. பட்டையைப் பாதியாக் குறைக்கணும்."

பன்னிரண்டு வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு இப்படி ஒரு நாக்கா? அவர் அதை, 'மரவாசனை மேலோங்கியுள்ளது. பட்டையின் விகிதம் குறைக்கப்பட வேண்டும்' என்று அலுவலகத் தமிழுக்கு மாற்றி எழுதினார். மறுநாள் பட்டையைக் குறைத்தார்கள். கலவை பிரமாதமாக அமைந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்படி மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நான்காம் நாள் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில், அலுவலகத் தமிழுக்கு மாற்றாத தாளையே கோப்பில் வைத்துக் கொடுத்துவிட்டார். பத்து மணிக்கு முதலாளி கூப்பிட்டார்.

"என்னய்யா இது?" முதலாளி கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார். "'ஆப்பிள்: ஜுரத்துல படுத்திருக்கிறப்போ யாரோ சத்தமில்லாம வந்து தலைமாட்டுல உட்கார்ந்த மாதிரி. இஞ்சி: முதல்ல ஒண்ணும் தெரியல, பழைய எஞ்சின் மாதிரி மெல்ல சூடேறுது, ஏறின பிறகு நிறுத்த முடியல.'"

மூக்கு சாருக்குக் கண் முன்னால் அட்டைப்பெட்டிகளும் டேப்பும் வந்து போயின.

"சார், அது வந்து…"

"பத்தொன்பது வருஷமா இதை எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே?" முதலாளியின் கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சுய்யா. இதை அப்படியே பாக்கெட் மேல அச்சடிக்கப் போறேன். வெள்ளிக்கிழமை நாற்பது கடை வச்சிருக்கிற அம்மா வர்றாங்க. அவங்க முன்னாடி நீ குடிச்சுக் குடிச்சுச் சொல்லணும். ஆர்டர் உன் மூக்குலதான் தொங்குது."

தப்பித்தது போதாதென்று இப்போது மேடை ஏற வேண்டும். மூக்கு சார் தொண்டை வலி என்று சொல்லிப் பார்த்தார். முதலாளி ஒரு மப்ளரை வாங்கி அனுப்பினார். கூட்டத்தில் ருசி பிடிபடாது என்று சொல்லிப் பார்த்தார். நாலு பேருக்கு மேல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார் முதலாளி. கடைசியில், "டீ போடுற பக்குவம் முக்கியம் சார். என் மனைவி போட்டாத்தான் எனக்குச் சரியா வரும்" என்றார்.

"அதுக்கென்ன, கூட்டிட்டு வாயேன்!"

திட்டம் சுலபமானது. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் மனைவி டீ போட்டு, குடித்துப் பார்த்து, சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி அந்தந்தச் சாஸருக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அக்கா தட்டில் கொண்டு வருவாள். அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் மனைவிக்கு முன்னால் மாமனார் நின்றார். கம்பளிக் குல்லா போட்டு, ஸ்வெட்டர் பொத்தானையெல்லாம் பூட்டியிருந்தார்.

"இவர் எதுக்கு?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார் மூக்கு சார்.

"இந்தக் குளிர்ல அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

"அவர் என்ன கைக்குழந்தையா?"

"அவர் வரலேன்னா நானும் வரல."

"நான் பாட்டுக்கு ஒரு மூலையில உட்கார்ந்திருக்கேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "அங்கே சர்க்கரை இருக்கும்ல?"

நாற்பது கடை அம்மாள் பழுப்பு நிற ஓவர்கோட்டில், சிரிக்காத முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். முதல் கோப்பை வந்தது. மூக்கு சார் சாஸரை உயர்த்தினார், அடியில் ஓரக்கண் விட்டார், உறிஞ்சினார், சொன்னார். அம்மாள் புருவத்தை உயர்த்தினாள். இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின.

நான்காவது புதினா. டீ தளும்பித் தாள் நனைந்து போயிருந்தது. 'மழையில நனைஞ்ச கி' என்பது வரைக்கும்தான் எழுத்து இருந்தது. மீதி நீலக் கறை.

"புதினா…" என்று ஆரம்பித்தார். அம்மாள் காத்திருந்தாள். முதலாளி காத்திருந்தார். "மழையில நனைஞ்ச… கிளி."

"கிளியா?"

இனி பின்வாங்க முடியாது.

"கிளிதாம்மா. நனைஞ்சுபோய் பொந்துக்குள்ள ஒடுங்கியிருக்கு. மேல பச்சை, சிலிர்ப்பு. உள்ளே மட்டும் சின்னதா ஒரு சூடு."

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். அப்புறம் இன்னொரு வாய்.

"ஆமா" என்றாள் மெதுவாக. "கிளிதான்."

ஏழும் முடிந்தன. முதலாளி கைகுலுக்க எழுந்தபோது அம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன ஃப்ளாஸ்க்கை எடுத்தாள்.

"இது நான் கொண்டு வந்தது. உங்க பட்டியல்ல இல்ல. இது என்னன்னு சொல்லிட்டீங்கன்னா நாற்பது கடைக்கும் இன்னைக்கே கையெழுத்து."

கோப்பையில் செக்கச் செவேலென்று ஊற்றினாள். சாஸர் இல்லை, தாள் இல்லை. மூக்கு சார் உறிஞ்சினார். வெந்நீர். அந்த ஒரு நொடியில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நேராகப் பேக்கிங் பிரிவுக்கு நடந்து போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டிய மாதம் அது. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்கே உங்க சென்ட் வாசனை குறுக்கே வருதும்மா. ஒரு நிமிஷம் தனியாப் பார்த்துட்டு வர்றேன்."

அவள் சென்ட் போட்டிருக்கிறாளா என்பதே அவருக்குத் தெரியாது. நல்லவேளை, போட்டிருந்தாள்.

சின்ன அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். மனைவி அடுப்பு மேடையருகே நின்றாள். மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம்! இது என்னன்னு சொல்லு. இல்லேன்னா நான் தொலைஞ்சேன்."

"திரும்பி நில்லுங்க."

"இப்பவுமா?"

"திரும்புங்கன்னா!"

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீளமாக, அழுத்தமாக, காற்றோடு சேர்த்து இழுக்கிற உறிஞ்சல். தொழில் தெரிந்தவன் உறிஞ்சுகிற மாதிரியே இருந்தது. இந்தப் பதட்டத்திலும் மனைவியை நினைத்து மூக்கு சாருக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஏதோ கிசுகிசுப்பு. குளிருக்கு அவள் குரல் கட்டிப் போயிருந்தது.

"இதுல தேயிலையே இல்லையாம்."

"என்ன?"

"நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு கொஞ்சமும் இல்லையாம். வெறும் காய்ஞ்ச பழத்தோலும் பூவும்தானாம். உங்களை ஆழம் பார்க்கிறாங்க. போங்க!"

மூக்கு சார் கூடத்துக்குத் திரும்பினார். கோப்பையை அம்மாளுக்கு முன்னால் மெதுவாக வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இதை டீன்னு சொல்லக்கூடாது. இதுல ஒரு இலைகூட இல்ல."

அம்மாள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். பையிலிருந்து பேனா வெளியே வந்தது. முதலாளி மூக்கு சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விட மறந்து நின்றார்.

எல்லோரும் போன பிறகு மூக்கு சார் சின்ன அறைக்கு வந்தார். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாள் என்று நினைத்து அவர் மேலும் உருகினார். மாமனார் மிச்சமிருந்த இஞ்சி டீயில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதைப் பார்த்துக்கூட மூக்கு சாருக்குக் கோபம் வரவில்லை. ரகசியத்தை இனி மறைக்கவும் தோன்றவில்லை.

"மாமா, என் மூக்கு போய் நாளாச்சு. இன்னைக்கு என்னைக் காப்பாத்தினது உங்க பொண்ணோட நாக்குதான். பக்கத்துலயே இருக்கீங்க, நீங்களும் அவகிட்டக் கொஞ்சம் கத்துக்கலாம்."

"சரி மாப்பிள்ளை" என்றார் மாமனார். கோப்பையைக் காலி செய்து வைத்துவிட்டு, குல்லாவைச் சரிசெய்துகொண்டு, மகளோடு வாசலை நோக்கி நடந்தார்.

மூக்கு சாரும் புறப்பட்டார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"சார், நாளையிலேர்ந்து உங்க வீட்டம்மாவை ஓய்வா படுக்க வைங்க, பாவம், உங்க ஜலதோஷம் ஒட்டிக்கிட்டு அவங்களுக்கும் பத்து நாளா ஒரு வாசனையும் தெரியலையாம், பெரியவரை மட்டும் கூட்டிட்டு வாங்க, எல்லாக் கோப்பையையும் குடிச்சுச் சொன்னது அவர்தானே!"