கார் கெட்டே போகாத மனிதர்

அமெரிக்காவின் கார் நகரமான எங்கள் டெட்ராய்டில் ஓர் இனம் உண்டு. அதன் கார் கெட்டே போகாது. கார் கம்பெனிப் பெரியவர்கள் என்று பெயர்.

காலையில் அலுவலகத்தின் அடித்தளத்தில் காரை விட்டுவிட்டு மேலே போய் இவர் கூட்டம் நடத்திக்கொண்டிருக்க, கீழே நாலு பேர் அதைக் கழுவி, பெட்ரோல் நிரப்பி, கதவின் கிறீச்சை அடக்கி, கழன்ற திருகை முடுக்கி, முரண்டு பிடிக்கும் பேட்டரியை மாற்றி, ஒன்றுமே நடக்காதது போல நிறுத்திவைப்பார்கள். ஆறு மாதம் போனால் புதுக் கார். காசு? ஒரு பைசா கிடையாது.

ஜப்பான்காரன் ஏன் ஜெயிக்கிறான் என்று ஆராய்கிறவரும் இவரேதான். அவன் நாணயமான யென் மலிவு. தொழிற்சங்கம் பிடிவாதம். பத்திரிகைக்காரர்களுக்கு நாக்கில் விஷம். இதைப் பத்திரிகையில் எழுதும் என்னைப் பார்த்தே சொல்வார். காரில் குறையா? காருக்கு என்ன குறை?

துணைத் தலைவர் ஹார்லன் வெட்செலை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் லோரெய்ன் நர்ஸ். அப்பாவின் சலுகையில் அதே மாடலை வாங்கி ஓட்டுகிறவள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, சனிக்கிழமை ஜப்பான் வண்டி வாங்கப் போறேன்."

வெட்செல் கரண்டியைக் கீழே வைத்தார். சொந்த மகளே அந்நியக் காரில் வந்து இறங்கினால் கம்பெனியில் எப்படித் தலைகாட்டுவது? வாசலில் அப்படி ஒரு வண்டி நின்றால் பேச்சையே நிறுத்திவிடும் தெரு அவருடையது.

"அதுல என்னம்மா குறை கண்டே?"

"குளிர்ல கிளம்பாது. ஓட்டற பக்கத்துக் கதவு திறக்காது, அந்தப் பக்கமா ஏறித் தவழ்ந்து வர்றேன். வார்டுல லேட் லோரெய்ன்னே பேரு வச்சுட்டாங்க."

"அதே வண்டிதான் நானும் ஓட்டறேன். ஒரு நாள் மக்கர் பண்ணதில்ல. உனக்கு ஓட்டத் தெரியல."

"அப்ப நாளைக்கு என் வண்டிய நீங்க எடுத்துட்டுப் போங்க."

போனார். மேலங்கியோடு தவழ்ந்து ஏறும்போது, இவள் கதவை அறைந்து சாத்துகிறவள் என்று முடிவு கட்டினார். இன்ஜின் இருமி இருமிக் கிளம்பியபோது, குளிர் அப்படி என்று சொல்லிக்கொண்டார். பிறகு, வழக்கம்போல, அடித்தளத்தில் விட்டுவிட்டு மேலே போனார்.

மாலையில் மகள் முன்னால் ஒற்றை விரலால் கதவைத் திறந்து காட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் முக்காமல் முனகாமல் கிளம்பியது.

"பாத்தியா? எங்க இருக்கு குறை?"

"கீழ விட்டீங்களாப்பா?"

"பின்ன? எப்பவும் விடற இடத்துலதான்."

லோரெய்ன் சிரித்துவிட்டாள். "அந்த நாலு பேரையும் வண்டியோட சேர்த்துக் குடுங்க. உங்க கம்பெனி வண்டியையே வச்சுக்கறேன்."

அவருக்குப் புரியவில்லை. நடிப்பில்லை, நிஜமாகவே புரியவில்லை.

சனிக்கிழமை அவள் ஜப்பான் வண்டி வாங்கினாள். அப்பாவின் மானம் கருதி அதை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, பனியில் நடந்தே அவர் வீட்டு விருந்துக்கு வருகிறாள். திங்களன்று கூட்டத்தில் வெட்செல் புதுக் காரணம் ஒன்றை வைத்தார்: வாடிக்கையாளர்களுக்குக் கதவு சாத்தத் தெரியவில்லை. அதற்கொரு பயிற்சிப் படம் எடுக்கலாம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கீழே எல்லோருடைய கார்களும் குளித்துக்கொண்டிருந்தன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் நடத்தும் ஓட்டலில் நீங்களே வரிசையில் நின்று சாப்பிட்டதுண்டா? உங்கள் அலுவலகக் கவுண்டர் ஜன்னலுக்கு வெளியே, யாரென்று சொல்லாமல், காத்துக் கிடந்ததுண்டா? 'எனக்கு அங்கே ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லையே' என்று வாயில் வருகிறதா?

வந்தால், எதற்கும் உங்கள் மகளைக் கேட்டுப் பாருங்கள், வண்டியை எந்தத் தெருவில் நிறுத்தியிருக்கிறாள் என்று.