சைமாவின் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்

ஆல்டர் ஏரி, மேல் மிச்சிகன்
நவம்பர் 15, மதியம்

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத மச்சான் ஆர்னேவுக்கு,

உன் அக்காள் புருஷன் ரெய்னோ எழுதிக்கொள்வது. இங்கே பனி நலம், காற்று நலம், என் இடது முழங்கால் மட்டும் வழக்கம்போல. அரிசோனாவில் நீயும் உன் வெயிலும் கள்ளிச்செடிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று மான் வேட்டைப் பருவத்தின் முதல் நாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, வங்கியில் ஒரே ஒரு பெண் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசுகிறாள், போதகர்கூட ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் வெடிச்சத்தம் கேட்கிறது. நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக உன் அக்காள் சைமா இந்த நாளில் வீட்டில் இருக்கிறாள். காலையிலிருந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கு எதற்கு ஒரு வாளி கிழங்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. சைமா வைத்திருக்கும் உங்கள் அப்பாவின் துப்பாக்கியை நீ வந்து எடுத்துக்கொண்டு போய்விடு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். காரணத்தைச் சொன்னால் நான் யோக்கியனாகத் தெரிய மாட்டேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் வேட்டைக்காரர் யார் என்பது ஊருக்கே தெரியும். நான் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். மான்களைப் பார்த்து ஹாரன் அடித்ததோடு என் வீரம் முடிந்தது. வாழ்நாளில் நான் சுட்டு வீழ்த்தியது ஒரே ஒரு தபால் பெட்டி, அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது. சைமாதான் வருஷம் தவறாமல் ஒரு மான் அடித்து, குளிர்பெட்டியை நிரப்பி, வசந்தம் வரைக்கும் எனக்குச் சோறு போட்டவள். அப்படிப்பட்டவள் போன வருஷம் முதல் நாளன்று, தேவதாருச் சதுப்பில், எண்பதடி தூரத்தில் நின்ற ஒரு கொம்பு மானைத் தவறவிட்டாள். அந்த நேரத்தில் நான் அவளுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டது, போய்ச் சேர்ந்தபோது மானைக் காணோம். அவள் மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நான் கேலியில் இறங்கினேன். காப்பிக் கடையில் சொன்னேன், முடிவெட்டும் இடத்தில் சொன்னேன், தேவாலயத்து விருந்தில் எழுந்து நின்றே சொன்னேன். அந்த மான் சைமாவுக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சைமா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடைக் கோழிதான். சனிக்கிழமை தவறாமல் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுகிறவள் அதைத் தொடவே இல்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஜூலையில் ஒருநாள், துப்பாக்கியை விற்றுவிடலாம் என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஆர்னே. அதாவது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அறுபத்தெட்டு வயதாகிறது, கண் மங்கிவிட்டது, ரோஷக்காரி, வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஒரு நல்ல தூரக்கண்ணாடி, அதுதான் ஸ்கோப், வாங்கி அந்தத் துப்பாக்கியில் பூட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். ஓய்வு பெற்றவன் மூளைக்கு ஒரு யோசனை கிடைத்தால் அது நாய்க்குக் கிடைத்த எலும்புதான். அவளுக்குத் தெரியாமல் கோடை முழுவதும் சாலையோரம் காலி டப்பாக்களைப் பொறுக்கினேன், கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்குப் பத்து சென்ட். எதற்கு என்று கேட்டாள். முதுகுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார் என்றேன். அக்டோபரில் முதுகு போயிற்று, இருநூறு டாலர் சேர்ந்தது. உன்னைத் தொலைபேசியில் கேட்டபோது, துப்பாக்கிக்குச் செலவழித்ததைப்போல் இரண்டு மடங்கு ஸ்கோப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று நீ சொன்னாய். உங்கள் அப்பா அதை நாற்பது டாலருக்கு வாங்கியவர் என்பதால் எனக்கு ஏகப்பட்ட மிச்சம் ஆகும் என்று மகிழ்ந்து போனேன்.

துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் டுவெய்ன் என் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷம் வந்தவன், பின் இருக்கையில் வாந்தி எடுத்தவன், அந்த விசுவாசம் இருக்கும் என்று நினைத்தேன். அவன் முதலில் எடுத்துக் காட்டிய ஸ்கோப் ஆயிரத்து இருநூறு டாலர். கடை வாசலில் நின்று தெருக்கோடித் தேவாலயக் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னான். அந்த ஆயிரத்து இருநூறில் கோபுரத்து மணியில் இருந்த துரு தெரிந்தது, துருவின் மேல் ஒரு சிலந்தி தெரிந்தது. நூற்றெண்பதில் மணி தெரிந்தது. அறுபதில் அது தேவாலயம் என்று தெரிந்தது, எந்தச் சபை என்று சொல்ல முடியவில்லை. பட்டப்பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான், மான் வருவது மங்கலில், அதனால் பொழுது சாயும்போது வந்து பாருங்கள் என்றான். மூன்று சாயங்காலம் அந்த வாசலில் நின்று விறைத்தேன். மூன்றாம் நாள் போதகர் வெளியே வந்து, எங்கள் கோபுரத்தின் மேல் உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டார். உருப்பெருக்கம் எவ்வளவு வேண்டும் என்று ஒரு சண்டை வேறு. ஒன்பது மடங்கு வேண்டும் என்றேன் நான். அந்தச் சதுப்பில் மான் எண்பதடியில் நிற்கும், ஒன்பது மடங்கில் பார்த்தால் உங்களுக்கு மூக்கு மட்டும்தான் தெரியும், மூக்கைப் பார்த்து எந்த மான் என்று எப்படிச் சொல்வீர்கள் என்றான் அவன். கடைசியில் நூற்றெண்பது டாலர் ஸ்கோப்பைக் கட்டித் தரச் சொன்னேன். அப்போதுதான் எந்தத் துப்பாக்கி என்று கேட்டான்.

என் பதிலைக் கேட்டதும் அவன் முகம் தொங்கிவிட்டது. உங்கள் அப்பாவின் பழைய நெம்புத் துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் காலி உறை மேல்பக்கமாகத் துள்ளி விழுமாம். மேலே ஸ்கோப் இருந்தால் உறை அதில் முட்டி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் இடதுபக்கமாக ஒரு தாங்கி வைத்துத்தான் பூட்ட வேண்டும், தாங்கிக்குத் தனி விலை, அதற்குத் துப்பாக்கி உடம்பில் துளை போட வேண்டும், அதற்குத் தனிக் கூலி. "அண்ணே, இதுல ஓட்டை போட்டா பழசுங்கிற மதிப்பே போயிடும். அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க" என்றான். கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்று, துப்பாக்கியை அவளுக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்து, சரி போடு என்றேன். மச்சான், உங்கள் அப்பாவின் துப்பாக்கியில் இப்போது நாலு ஓட்டை. துளைக்கருவி சத்தம் போட்டபோது நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். தாங்கிக்கும் கூலிக்கும் போனது போக என் கையில் மிஞ்சிய பணத்துக்கு அந்த அறுபது டாலர் ஸ்கோப்தான் கிடைத்தது. எந்தச் சபை என்று தெரியாத அதே ஸ்கோப்.

பூட்டினால் மட்டும் போதாது, சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்ய வேண்டும். சரளைக்கல் குழிக்குப் போய், வண்டியின் முகப்பில் கம்பளியை மடித்துப் போட்டு, துப்பாக்கியைக் கிடத்தி, ஸ்கோப்புக்குள் கண்ணை நுழைக்காத குறையாகக் குனிந்து விசையை இழுத்தேன். துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பது தெரியும், ஸ்கோப்பும் சேர்ந்து வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. புருவத்துக்கு மேல் பிறை நிலா மாதிரி வெட்டு, நாலு தையல். துளை நாலு, தையல் நாலு, கணக்குச் சரியாகிவிட்டது என்று தாதியிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. நீராவிக் குளியல் எடுக்கும் சவுனாவின் படியில் வழுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொன்னேன். சைமா அந்தப் பிறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷம் துப்பாக்கி பிடித்தவளுக்கு அது எதனால் வந்த காயம் என்று தெரியாதா? மருந்துப் பெட்டியைத் திறந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். இடதுபக்கம் குழல் துருத்திக்கொண்டு, காதில் பென்சில் செருகிய தச்சன் மாதிரி இருந்தது. சைமா முதலில் துளைகளைத்தான் தடவிப் பார்த்தாள். பிறகு ஸ்கோப் வழியாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல ரெய்னோ" என்றாள். "நான் குறி தப்பல."

பிறகு சொன்னாள். மான் தெளிவாக நின்றதாம். விசையில் விரல் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டாளாம். அந்த நொடியில் மானுக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ அசைந்திருக்கிறது. இன்னொரு மான் என்றுதான் முதலில் நினைத்தாளாம். அதன் கையில் காப்பிக் குடுவை மின்னியிருக்கிறது. குழலைக் கீழே தள்ளிவிட்டாள், குண்டு மண்ணில் போயிற்று. காட்டில் ஆள் என்று தெரியவைக்கும் ஆரஞ்சுச் சட்டையைத் தோய்க்கப் போட்டுவிட்டு, நாலு எட்டு தூரம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் என் பழுப்புக் கோட்டில், நேர்வழியை விட்டுக் குறுக்கு வழியில் போனேன், ஆர்னே. காப்பி ஆறிவிடக் கூடாது என்று.

"நீ வந்து நின்னு, தப்பிச்சிடுச்சான்னு கேட்டே. என்னால வாயத் தொறக்க முடியல. அதுக்கப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சே. சரி, உசுரோட இருந்து சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னது இதுதான்: ஏன் சொல்லலே? அதற்கு அவள், ஒவ்வொரு தடவை சொல்ல நினைக்கும்போதும் அந்தக் குடுவை கண் முன்னால் வருகிறது, அதற்குமேல் வார்த்தை வரவில்லை என்றாள். ஒரு வருஷமாக ராத்திரியில் எழுந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்திருக்கிறாள். என் குறட்டைதான் அவளை எழுப்பியது என்று நினைத்து நான் வேறு பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறேன். இனி அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுக்க மாட்டாள். எடு என்று கேட்க எனக்கும் வாய் இல்லை. அன்னியனுக்கு விற்பதைவிட அவர் மகனான உன் வீட்டில் இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்குள் வந்து எடுத்துப் போ. ஓட்டைகளுக்காக என்னைத் திட்ட வேண்டுமானால் சைமா இல்லாத நேரத்தில் திட்டு.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உன் தலைக்கு மேல் எப்போதும் நிழல் இருக்கட்டும், உன் செருப்புக்குள் தேள் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
ரெய்னோ

பி.கு. நவம்பர் 17. மேலே எழுதியிருப்பதை மறந்துவிடு, துப்பாக்கிக்காக வர வேண்டாம். தபால்காரரும் காட்டுக்குப் போய்விட்டதால் கடிதம் இங்கேயே கிடந்தது, அதுவும் நல்லதற்குத்தான். நேற்று விடியுமுன் உன் அக்காள் என்னை உலுக்கி எழுப்பினாள். சமையல்மேசையில் ஸ்கோப் தனியாகக் கழற்றி வைத்திருந்தது, திருகாணிகள் ஒரு தேநீர்த் தட்டில். எனக்கு ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டாள், அதே நிறத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். "என் பக்கத்துலயே உக்காரு. மூச்சு மட்டும் விடு" என்றாள். சதுப்பில் அவளுடைய மரக்கட்டையில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். ஏழே காலுக்கு ஒரு கொம்பு மான் வந்து நின்றது. சைமா துப்பாக்கியைத் தூக்கினாள், தூக்கியவள் தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், பிறகு மானைப் பார்த்தாள். ஒரே குண்டு. இறைச்சி சாப்பிட வா, அந்த வாளிக் கிழங்கும் இருக்கிறது. குளிரில் கால் விறைத்து, நான் அந்தக் கட்டையை விட்டு எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. மான் அங்கே கிடக்கிறது, நீ போய்ப் பார் என்று அவளிடம் சொன்னேன். நான் எழுந்து நிற்கும்வரை அவள் என் கையை விடவில்லை.