எட்டாயிரம் மூட்டைப் பட்டாணியும் என் லீவும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும், பிறந்து ஏழு மாதமாக நான் போட்டோவில் மட்டுமே கொஞ்சிக்கொண்டிருக்கும் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. லீவு கிடைத்துவிட்டது! வெள்ளிக்கிழமை இருவரும் பஸ் ஏறுகிறோம். இத்தனை நாள் ஏன் கிடைக்கவில்லை என்றால், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன பட்டாணியால்தான். இரண்டு வருடமாக விளைந்து தள்ளியதை அரசாங்கம் வாங்கி வாங்கி என் கிடங்கில் அடுக்கிவிட்டது. எட்டாயிரம் மூட்டை! நாற்காலி போட இடமில்லாமல் ஆறு மாதம் மூட்டை மேல் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டேன். கிடங்கு காலியாகும்வரை லீவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியில் மேலிடத்தில் யாருக்கோ கருணை சுரந்து, விளைச்சல் பொய்த்த ஒரு வெளிநாட்டுக்கு மொத்தத்தையும் தானமாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

சும்மா கொடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள், மாப்பிள்ளை. அந்த நாட்டு அதிகாரி நேரில் வந்து, சரக்கைச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாராம். கிடங்கில் அடுப்பு ஏது? முதல் நாளே இரண்டு கிலோவை உங்கள் மாமியாரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த அதிகாரியை வீட்டுக்கே அழைத்து வந்தேன், கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அதிகாரி ஒரு தட்டைக் காலி செய்து இன்னொரு தட்டு கேட்டார். "பிரமாதமா இருக்காம். இதையா சும்மா குடுக்கறீங்கன்னு கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் நெஞ்சை நிமிர்த்துவதற்குள் சமையலறையிலிருந்து உங்கள் மாமியார், "ஐயய்யோ! வீட்டுக்கு வந்த மனுஷருக்குக் கிடங்குப் பட்டாணியையா போடுவேன்? அது கல்லாட்டம் கெடக்கு. இது கடையில வாங்கினது!" என்றாள். மொழிபெயர்ப்பாளர் கடமை தவறாதவர். அதையும் ஒரு வார்த்தை விடாமல் பெயர்த்துவிட்டார். அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். நான் பார்ப்பதற்குள் பேரன் பள்ளிக்கூடமே போய்விடுவான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் மாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு மத்தியானம் அவரைத் திரும்ப வரச் சொல்லுங்க" என்றாள். கிடங்குப் பட்டாணியை இருபது மணி நேரம் ஊறவைத்து, ஒரு சிட்டிகை சோடா உப்புப் போட்டு வேகவைத்தாள். வெண்ணெயாகக் குழைந்தது. அதிகாரி ஒரே ஒரு பட்டாணியைச் சந்தேகத்தோடு கடித்தார், பிறகு சட்டியையே வழித்தார். இந்த அம்மாவின் சமையல் பக்குவத்தை ஒவ்வொரு மூட்டையிலும் அவர்கள் மொழியில் அச்சடித்து அனுப்ப வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். அச்சடித்தோம். நேற்றுக் கடைசி லாரியும் துறைமுகம் போய்விட்டது. காலிக் கிடங்கில் நின்று ஒருமுறை இருமிப் பார்த்தேன், எதிரொலித்தது. அப்படி ஒரு சந்தோஷம்!

பேரனுக்கு ஆயிரம் முத்தம், மகளுக்கும் உங்களுக்கும் ஆசிகள், சம்பந்தி வீட்டாருக்கு வணக்கம்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருக்கும் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மேலதிகாரி போன் செய்தார். வாயாரப் பாராட்டினார். சுற்றுவட்டாரத்திலேயே காலியாக இருப்பது என் கிடங்கு ஒன்றுதானாம். அதனால் மற்ற மூன்று கிடங்குகளின் பட்டாணியும் வெள்ளிக்கிழமை இங்கே வந்து இறங்குகிறது. லீவு ரத்து. விஷயத்தைச் சொன்னதும் உங்கள் மாமியார் பெட்டியிலிருந்து என் சட்டைகளை மட்டும் எடுத்து வெளியே வைத்தாள். "பட்டாணிய நீங்க பாத்துக்குங்க. பேரன நான் பாத்துக்கறேன்" என்றாள். பஸ் நிலையத்துக்கு அவளை மட்டும் அழைக்க வாருங்கள்.