ஓடாத படத்தின் ஒரே சொந்தக்காரர்

சினிமா பார்ப்பவர்கள் உண்டு, பார்த்துவிட்டு மறப்பவர்கள் உண்டு, பார்க்காமலே விமர்சிப்பவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்தையும் பார்த்து இரக்கப்படுவதற்கென்றே நான்காவதாக ஓர் இனத்தை ஆண்டவன் படைத்திருக்கிறான். டீக்கடையில் புகழ்பெற்ற இயக்குநர் ஒருவரின் பெயரை வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வரும். "அவரோட மொதல் படம் பாத்திருக்கீங்களா?" முடிந்தது. இனி உங்கள் டீ ஆறித்தான் போகும்.

கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பூபதிராஜா இவ்வினத்தின் அசல் மாதிரி. அவர் கட்டிக் காக்கும் படம், இன்று கொடிகட்டிப் பறக்கும் ஓர் இயக்குநர் ஆரம்பத்தில் எடுத்தது; வந்த வேகத்தில் பெட்டிக்குத் திரும்பியது. கதை இதுதான்: செத்துப்போன பெரியவருக்கு யார் கொள்ளி வைப்பது என்று இரண்டு சம்சாரத்துப் பிள்ளைகளும் அடித்துக்கொள்ள, பிணம் தேங்காய் லாரியில் ஏறிச் சோதனைச் சாவடிக்குப் போய்விடுகிறது. அதிகாரி "இந்தச் சரக்குக்கு பில் எங்கே?" என்கிறார். உடனே இரு தரப்பும் ஒரே குரலில், "இவரு எங்கப்பனே இல்லீங்க!"

நல்ல படம்தான், சத்தியமாக. ஆனால் அவரோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா? சிரிப்பு வருவதற்கு முன்பே படத்தை நிறுத்தி ஏன் சிரிக்க வேண்டும் என்று விளக்குவார். நீங்கள் சிரித்துவிட்டால் அது சிரிப்பல்ல, சமூகத்தின் அழுகை என்று விளக்குவார். சிரிக்காவிட்டால் முதலிலிருந்து போடுவார்.

மகள் மௌனிகாவைப் பெண் பார்க்க வந்த நாளிலும் போட்டார். மாப்பிள்ளை சிவப்பிரகாஷுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. இருவரும் முன்பே மனம் ஒத்தவர்கள். பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ரசனையைச் சோதிக்காமல் பெண் கொடுப்பதா? மாப்பிள்ளை வீட்டுக் கார் வாசலில் வந்து நிற்க, உள்ளே டிவியில் படத்தின் முதல் காட்சி முழுச் சத்தத்தில் தொடங்கியது: சங்கும் ஒப்பாரியும்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆறுச்சாமி பூத்தட்டைச் சட்டென்று துண்டால் மூடினார். "எழவு ஊடாட்ட இருக்குது. பூவோட உள்ள போகப்படாது. வண்டியத் திருப்பு!"

மௌனிகா ஓடிவந்து காரை மறித்தாள். "நில்லுங்க! ஆரும் சாகலீங்க, அப்பா படம் பாக்கறாருங்க!"

தயங்கித் தயங்கி உள்ளே வந்த ஆறுச்சாமி டிவியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, லாரிப் பொணம்! எங்கூட்டுல பொங்கலுக்குப் பொங்கல் இதத்தான் போடுவோமுங்க. ஏ மாப்ள, 'எங்கப்பனே இல்லீங்க' சொல்லிக் காட்டு!"

சிவப்பிரகாஷ் சொல்லிக் காட்டினார். அடுத்த வசனத்தை அத்தை சொன்னார். அதற்கடுத்ததைச் சித்தி. வீடே குலுங்கியது.

பூபதிராஜா குலுங்கவில்லை. யாருமே பார்க்காதது என்று இத்தனை வருடம் காத்த புதையலை ஒரு கூட்டம் முறுக்கோடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

"கலந்து பேசிச் சொல்லியனுப்பறோம்னு சொல்லிப்போடு" என்றார் மனைவி செல்வப்பிரியாவிடம். எங்கள் பக்கத்தில் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்.

"ஏனுங்க, பையனுக்கு என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. எல்லாத்தையும் பாத்துப்போட்டான். அதான்."

செல்வப்பிரியா தலையில் கைவைத்தார். மௌனிகா வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து இந்த இனத்தோடு குடியிருப்பவள் அல்லவா? காப்பித் தட்டை எடுத்தபடியே மெதுவாகச் சொன்னாள்:

"அவிய சிரிச்சதெல்லாம் தப்பான எடத்துலீங்கப்பா. வசனந்தான் தெரியுது. படம் புரியலையாட்ட இருக்குது."

பூபதிராஜா நிமிர்ந்தார். "புரியலையா?"

"துளிகூட இல்லீங்கப்பா. பாவம், சொல்லிக்குடுக்க ஆளில்ல."

காப்பி ஆறுவதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. இப்போது ஞாயிறுதோறும் மாப்பிள்ளை மாமனார் எதிரில் உட்கார்ந்து, மனப்பாடமான படத்தை, அவர் விளக்கி முடிக்கும்வரை ஒரு பல்கூடத் தெரியாமல், புதிதாகப் பார்ப்பவர்போல் பார்க்கிறார். காதலுக்காக மலையைக் குடைந்தவர்கள்கூட இவ்வளவு செய்ததில்லை.

சரி, உங்கள் விஷயம் என்ன? இதையெல்லாம் விட உசத்தியான படமொன்று, யாருமே கண்டுகொள்ளாதது, உங்களுக்கு மட்டும் தெரியுமென்று நாக்கு நுனி அரிக்கிறதா? தாராளமாகச் சொல்லுங்கள். நான் "ஓ, அதுவா? பாத்தாச்சுங்க" என்பேன். அந்த நொடியில் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.